இரும்பு ஏணியைப் பெண் பார்த்த கதை

என் அருமைச் சம்பந்தி சாரதாவுக்கு,

நேற்று என் கையால் பாயசம் வைத்தேன்.

இதற்கு மேல் உனக்கு ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஒரு வரியைப் படித்ததுமே நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, பல்கலைக்கழகத்தில் நம் துறையின் வராந்தா முழுக்கக் கேட்கும்படி சிரித்திருப்பாய். ஆனால் இந்தக் கடிதத்தை உன் பின்னால் நின்று வேறு சிலரும் எட்டிப் பார்க்கப்போகிறார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன். பொறுத்துக்கொள்.

தமிழில் எழுதுவதையும் பொறுத்துக்கொள். உனக்குப் பேச்சில் தமிழ் வெள்ளமாக வரும். எழுத்தென்றால் கூட்டிக் கூட்டித்தான் வாசிப்பாய். மட்டாஞ்சேரியில் பள்ளிக்கூடம் போன பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பெண்ணுக்கு மலையாளம்தான் கைக்கு வரும். என் அப்பா போடியிலிருந்து ஏலக்காய் வியாபாரத்துக்காக இங்கே வந்தவர். தன் பிள்ளைகள் தமிழில் கையெழுத்துப் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அதனால் எனக்கு இது எளிது, உனக்குச் சிரமம். மெதுவாகப் படி. இப்போது உனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

இறந்தவர்கள் கடிதம் படிப்பார்கள் என்று நான் நம்பவில்லை. ஆதாரம் கிடைக்கும்வரை நம்பவும் மாட்டேன். அதுவும் உனக்குத் தெரியும். எழுதுவதற்கு நம்பிக்கை தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

நமக்குள் எந்த உறவும் கிடையாது. என் மகனுக்கும் உன் வீட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உனக்குப் பெண்ணே கிடையாது. ஆனாலும் களமசேரியில் துறை முழுக்க நம்மைச் சம்பந்திகள் என்றுதான் அழைத்தது. அதற்குக் காரணம் நீதான். நீ படிகம் வளர்ப்பாய், நான் அளந்து பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் ஒரு சின்னக் கண்ணாடித் தட்டில் கறுப்பு ஊசிகளை வைத்து என் அறைக்குக் கொண்டுவருவாய். நான் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, இந்த முனை சரியில்லை, அந்தப் பக்கம் கீறல் இருக்கிறது என்பேன். ஒருநாள் தட்டை மேசையில் வைத்துவிட்டு நீ சொன்னாய்:

"நான் பெண்ணை வளத்து, சீவி சிங்காரிச்சுக் கொண்டு வரேன். நீ மாப்பிள்ளையாத்து மாமி மாதிரி பஜ்ஜியைத் தின்னுட்டு, போய்ச் சொல்லி அனுப்பறோம்னு எழுந்து போறாய். இனிமே நீ என் சம்பந்தியாக்கும்."

அன்று நிஜமாகவே நான் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தேன் என்பதுதான் வேடிக்கை. அன்றிலிருந்து என் முடிவுகளை அப்படித்தான் சொன்னேன். அளவீடு ஏதாவது நன்றாக வந்தால், "போய்ச் சொல்லி அனுப்புகிறோம்." மோசமாக வந்தாலும் அதேதான். நீ பல்லைக் கடித்துக்கொண்டு, மூலப்பொருள் அடைத்த அடுத்த குழாயை உலையில் வைக்கப் போவாய்.

அந்தப் பெண் யார் என்று இவர்களுக்குச் சொல்ல வேண்டும். பேரியம், இரும்பு, செலீனியம் மூன்றும் சேர்ந்த ஒரு சேர்மம். அதற்குள் இரும்பு அணுக்கள் ஏணி போல அடுக்கப்பட்டிருக்கும்: நீளமாக இரண்டு கால்கள், இடையில் படிகள். ஒவ்வோர் இரும்பு அணுவும் ஒரு சின்னக் காந்தமுள். நான்கு முட்கள் ஒரு கட்டாகச் சேர்ந்து மேலே பார்க்கும். அடுத்த நான்கும் கீழே பார்க்கும். மேலும் கீழுமாகக் கழிந்துபோவதால், பக்கத்தில் காந்தத்தைக் கொண்டுபோனால் அந்த ஊசி அசையாது. இரும்புத் துகளோ வேறு அழுக்கோ கலந்திருந்தால் மட்டும்தான் துள்ளும். உன் முதல் சோதனையே அதுதான். மேல்கோட்டுப் பையில் எப்போதும் ஒரு குட்டிக் காந்தம் வைத்திருப்பாய். முதன்முதலாக எனக்குக் காட்டியபோது, அசையாமல் கிடந்த ஊசியைப் பார்த்துச் சொன்னாய்: "உள்ள இத்தனை காந்தம் இருக்கு, வெளிய ஒண்ணும் காட்டாது. உன்னை மாதிரிதான்."

இந்த ஏணியைச் சாதாரணமாக மின்சாரம் லேசில் கடக்காது. ஆனால் பயங்கரமாக அழுத்தினால், நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப்போல ஒரு லட்சம் மடங்குக்கும் மேல் அழுத்தி நன்றாகக் குளிர்வித்தால், காந்தக் கட்டுகள் குலைந்து, மின்தடையே இல்லாத மீக்கடத்தியாக மாறும் என்பது பேச்சு. அழுத்துவதற்கு இரண்டு வைரங்களின் முனைகளை எதிரெதிராக வைத்து நடுவில் ஊசித் துண்டை வைக்க வேண்டும். துண்டு கடுகில் கால்பங்குகூட இருக்காது. "வைரம் போட்டாத்தான் வாயைத் திறப்பா, எங்காத்துப் பொண்ணு" என்பாய்.

வெளிநாடுகளில் சிலர் இந்த வகை ஏணிகளில் மீக்கடத்தலை நமக்கு முன்பே பார்த்திருந்தார்கள். நாம் முதல் ஆட்கள் அல்ல; அப்படி நாம் சொல்லிக்கொள்ளவும் இல்லை. செலீனியம் கலந்த ஏணியில் வருவது ஏணியின் குணமா, அதோடு ஒட்டிக்கொண்டு வரும் அழுக்கின் குணமா என்பதுதான் கேள்வி. ஏனென்றால் வெறும் இரும்பும் செலீனியமும் சேர்ந்த ஒரு சேர்மம் உண்டு. அது தானாகவே மீக்கடத்தி. வளர்க்கும்போது கொஞ்சம் பிசகினால் அது ஊசியின் மேல் தோலாகப் படிந்துவிடும்.

அந்தப் பிசகு நமக்கு நடந்தது. அதைச் சொல்லாமல் பாயசக் கதை புரியாது.

உலையில் வைக்கும் ஒவ்வொரு தொகுதிக்கும் நீ எண் போடமாட்டாய். நாம் தினமும் சேர்ந்து போகும் பேருந்தின் நிறுத்தங்களைப் பெயராக வைத்தாய். மட்டாஞ்சேரியில் தொடங்கி, தோப்பும்படி, தேவரா, வைட்டிலா, இடப்பள்ளி, களமசேரி. நல்ல படிகம் கிடைக்கும்வரை அதே நிறுத்தத்தில் நிற்போம். தோப்பும்படியில் ஒரு மழைக்காலம் முழுக்க நின்றோம். ஈரம் பட்டு ஊசியெல்லாம் பொடிப்பொடியாகப் போயிற்று. உன் புடவையில் செலீனியத்தின் அழுகிய முள்ளங்கி வாடை அடிக்கிறது என்று உன் வீட்டுக்காரர் விசுவண்ணா உன்னைக் குளித்த பிறகுதான் சமையலறைக்குள் விட்டார். அதனால் அவரே சமைக்கக் கற்றுக்கொண்டதை நீ உன் ஆராய்ச்சியின் பெரிய கண்டுபிடிப்பு என்று சொல்லித் திரிந்தாய்.

தேவராத் தொகுதி வந்தது. நீள நீளமான, பளபளப்பான ஊசிகள். பெங்களூரில் வைர அழுத்தக் கருவி உள்ள ஆய்வகத்துக்கு நீயே கொண்டுபோனாய். மின்தடை மடமடவென்று விழுந்தது. அங்கிருந்து ரயிலேறும் முன்பே துறைக்குப் போன் செய்துவிட்டாய். வந்து சேர்ந்த மறுநாள் காலை ஒரு பெரிய தூக்கு நிறையப் பால்பாயசம். எழுத்தர் முதல் காவலாளிவரை எல்லோரும் குடித்தார்கள். நானும் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

பிறகு நான் ஒரு ஊசியை எடுத்து, கயிற்றுநாரைப் பிரிப்பதுபோல நீளவாக்கில் பிரித்தேன். அந்தப் படிகத்தின் குணமே அது. நார் நாராகப் பிரியும். மேல்தோலை விட்டுவிட்டு உள்நாரை மட்டும் மறுபடி அளக்கக் கொடுத்தேன். ஒன்றும் விழவில்லை. மின்தடையைக் குறைத்தது தோலில் இருந்த அழுக்கு.

உன்னிடம் சொன்னபோது வைட்டிலாவைத்தான் உதாரணமாகச் சொன்னேன். நாற்சந்தியில் வண்டிகளெல்லாம் அசையாமல் நிற்கின்றன. ஒரே ஒரு ஸ்கூட்டர்காரன் சந்துபொந்தில் புகுந்து, நடைபாதையில் ஏறி, மறுபக்கம் போய்விடுகிறான். அவன் போய்ச் சேர்ந்தான் என்பதற்காக நெரிசல் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியுமா? மின்தடை என்பது அந்த ஸ்கூட்டர்காரனின் சாட்சி. ஒரு மெல்லிய இழை போதும் அவனுக்கு. மீக்கடத்தி என்றால் தன் உடம்பிலிருந்து காந்தப் புலத்தை வெளியே தள்ள வேண்டும். அதை ஒரு இழை செய்ய முடியாது, முழு உடம்பும் செய்ய வேண்டும். அதைக் காட்டு, நான் ஒத்துக்கொள்கிறேன்.

நீ அழுவாய் என்று நினைத்தேன். நீ கண்ணாடித் தட்டை என் பக்கம் தள்ளினாய். "செரி. ஊருக்கெல்லாம் பாயசம் குடுத்த நிச்சயம் நின்னு போச்சு. இனி பாயசம் நான் வெக்க மாட்டேன். அடுத்த தடவை நெஜமா ஆச்சுன்னா, நீ வெக்கணும். உன் கையால. மனசிலாச்சோ?"

எனக்கு வெந்நீர் தவிர ஒன்றும் ஒழுங்காக வைக்கத் தெரியாது என்பது உனக்கு நன்றாகத் தெரியும்.

அதற்கப்புறம் இரண்டாண்டுகள் எல்லோரும் உன்னைப் 'பாயசம் சாரதா' என்றார்கள். நீயும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாய். இடையில் உடம்புக்கு வந்தது. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அது உன்னைப் பற்றிய செய்தியும் அல்ல. வைட்டிலாத் தொகுதியை நீ உலையில் வைத்தது கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்தினம். ஒல்லியாகிப்போன கையால் குவார்ட்ஸ் குழாயைத் தீயில் சுழற்றி மூடியதை உன் ஆராய்ச்சி மாணவி ஜஸ்னா பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். செலீனியத்தைக் கொஞ்சம் குறைத்து, குளிர்விப்பதை இன்னும் நிதானமாக்கியிருந்தாய். "வைட்டிலால எல்லாரும் பஸ் மாறணும். நானும் மாறிப் பாக்கறேன்" என்று அவளிடம் சொன்னாயாம்.

உலை குளிர்ந்து முடிவதற்குள் நீ போய்விட்டாய்.

அந்தக் குழாய் உடைக்கப்படாமலே உன் அலமாரியில் இருந்தது. நான்தான் அங்கே வைத்தேன். உடைத்து அளந்து, அதிலும் அழுக்குதான் என்று வந்துவிட்டால், உன் வேலை அழுக்கில் முடிந்தது என்று ஆகும். அந்தப் பதிலைச் சொல்லும் வாயும் என்னுடையதாகவே இருக்கும். மூடிய குழாய்க்குள் எந்தப் பதிலும் இல்லை. அது எனக்கு வசதியாக இருந்தது.

ஜஸ்னாவை உனக்கு நினைவிருக்கும். நீ போன பிறகு என்னிடம் சேர்ந்தாள். ஒருநாள் என் அறைக் கதவில் சாய்ந்துகொண்டு கேட்டாள்: "டீச்சரே, பெண்ணினெ இங்ஙனெ வீட்டில் பூட்டி வெச்சால், ஆரு கெட்டும்?" பூட்டி வைத்த பெண்ணை யார் கட்டுவார்கள் என்று. உன் வார்த்தை அவள் வாயில் வந்ததும் எனக்குக் கோபம் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. அன்று மதியமே குழாயை உடைத்தோம்.

சாரதா, என்ன ஊசிகள் அவை! தேவராவைப்போலப் பளபளப்பு இல்லை. கொஞ்சம் மங்கல், கொஞ்சம் குட்டை. நான் பார்த்ததுமே குறை சொல்லத் தொடங்கினேன் என்று ஜஸ்னா இப்போதும் சொல்லிக் காட்டுகிறாள். உன் காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனோம். ஒன்றுகூட அசையவில்லை. எக்ஸ்கதிரில் அழுக்கின் தடம் தெரியவில்லை. தெரியாததால் இல்லை என்று அர்த்தமா? அதனால் தோலை உரித்தோம். உள்நாரை மட்டும் எடுத்து, ஈரம் படாமல் கண்ணாடிக் குப்பியில் அடைத்து, அதை எவர்சில்வர் டப்பாவில் வைத்து, ஜஸ்னாவும் நானும் பெங்களூர் ரயிலேறினோம். எதிர் இருக்கைப் பெண்மணி டப்பாவில் என்ன பலகாரம் என்று கேட்டாள். பெண் பார்க்கப் போகிறோம் என்று ஜஸ்னா சொல்லிவிட்டாள். அதன் பிறகு சேலம்வரை நான் மாப்பிள்ளையின் சம்பளத்தைப் பற்றிப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அழுத்தத்தை ஏற்ற ஏற்ற, மின்தடை முதலில் அடம் பிடித்தது. பிறகு இறங்கியது. கடைசியில் திரையில் கோடு கீழே போய் ஒட்டிக்கொண்டது. "டீச்சரே, பூஜ்யம்" என்றாள் ஜஸ்னா, மெல்லிய குரலில். ஆகட்டும், தேவராவும் ஏறக்குறைய அப்படித்தான் விழுந்தது என்றேன். அவள் முகம் சுருங்கியது. உன் முகம்தான் அது, ஒரு நிமிடம். ஆனால் நான் வேறென்ன சொல்ல முடியும்? ஸ்கூட்டர்காரன் மட்டும்தான் வந்து சேர்ந்திருந்தான்.

காந்த அளவீட்டுக்கு நாள் கிடைக்கச் சில வாரங்கள் ஆயின. எனக்கு வகுப்புகள் இருந்ததால் ஜஸ்னா மட்டும் போனாள்.

இப்போது உனக்கு ஒரு ஊர்ச் செய்தி. மட்டாஞ்சேரிக்கு வாட்டர் மெட்ரோ வந்துவிட்டது. குளிரூட்டிய படகு. நீ எத்தனை முறை திட்டியிருப்பாய், பேருந்தில் நசுங்கியபடி, பக்கத்திலேயே இத்தனை தண்ணீர் இருக்க இப்படிப் போக வேண்டுமா என்று. இனி அப்படியில்லை. ஹைகோர்ட் படகுத்துறையில் இறங்கி மெட்ரோ ரயில் பிடித்தால் களமசேரி. வைட்டிலாவைத் தொடவே வேண்டாம்.

அந்தப் படகில்தான் இருந்தேன், நேற்றுக் காலையில். போன் வந்தது. ஜஸ்னா வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"டீச்சரே, காந்தத்தெ புறத்தாக்கி. முழுவன்."

காந்தப் புலத்தை முழுவதும் வெளியே தள்ளிவிட்டதாம். முழுவதும் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். ஊசியின் உடம்பில் பெரும்பகுதி என்றாள். வெறும் கருவியை அளந்து கழித்தாயா என்று கேட்டேன். கழித்தேன் என்றாள். கருவியின் உலோகமே அப்படிக் காட்டியிருக்கலாமே என்றேன். அதையும் இரண்டு முறை பார்த்துவிட்டாளாம். அழுத்தத்தைக் குறைத்தால் போகிறதா? போகிறது. மறுபடி ஏற்றினால்? வருகிறது. நான் அடுத்த கேள்வியைத் தேடிக்கொண்டிருந்தேன். கிடைக்கவில்லை. இனி நான் பாயசம் வைக்க வேண்டியதுதான் என்று அவள் சிரித்துவிட்டுச் சொன்னாள்: "இனி பாயசம் வெச்சோளூ, டீச்சரே."

எனக்குள் என்ன நடந்தது என்று எழுத வரவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன். படகு முழுக்க ஆபீஸ் போகிறவர்கள், அமைதியாகப் போனைப் பார்த்துக்கொண்டு. நான் எழுந்து நின்று, உரக்கத் தமிழில், "சம்பந்தி, ஆயிடுச்சு!" என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்த பெரியவர் கல்யாணமா என்று மலையாளத்தில் விசாரித்தார். ஆமாம் என்றேன். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஹைகோர்ட் வந்தது, எல்லோரும் இறங்கினார்கள். நான் இறங்க மறந்து, அதே படகில் மட்டாஞ்சேரிக்குத் திரும்பிவிட்டேன். வகுப்புக்குப் போகாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

பாயசம். அரிசியும் பாலும் சர்க்கரையும் போதும், நேரம்தான் முக்கியம், பால் இளஞ்சிவப்பாக மாறும்வரை நிதானமாகக் காய வேண்டும் என்று நீ சொன்னது நினைவிருந்தது. உன் உலை வேலையும் அதேதானே? வெப்பமானியை வைத்துக்கொண்டு அடுப்பருகில் நின்றேன். மகன் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது பாயசமா பிராக்டிகலா?" என்று கேட்டுவிட்டுப் போனான். நிறம் வந்தது. அதை நீ பார்த்திருக்க வேண்டும். நிறத்தை ரசித்துக்கொண்டிருந்ததில் அடிபிடித்துவிட்டது.

அப்படியே தூக்கில் ஊற்றிக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். விசுவண்ணா வாசலிலேயே தூக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உள்ளே போய் இரண்டு டம்ளர் எடுத்துவந்தார். ஒரு வாய் குடித்துவிட்டு, நாக்கைச் சப்புக்கொட்டி யோசித்தார்.

"அடி பிடிச்சிருக்கு."

"தெரியும் அண்ணா."

"அவ இருந்தா சொல்லுவா, அழுக்கு தோல்ல மட்டும்தான், உள்ளே சுத்தம்னு." இன்னொரு டம்ளர் ஊற்றிக்கொண்டார். அப்புறம் தூக்கைப் பார்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்: "கற்பகம், இது நெஜமாக்குமா? அவளோடது?"

"நிஜம், அண்ணா. அவளோடதுதான்."

அவர் காத்திருந்தார். எதற்கென்று எனக்குப் புரியவில்லை. பிறகு மெதுவாகச் சிரித்தார்.

"போய்ச் சொல்லி அனுப்பறேன்னு நீ சொல்லலையே."

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. டம்ளரை வைத்துவிட்டு இருவரும் சிரித்தோம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டது சிரிப்பினால்தான் என்று எழுதிவைக்கிறேன். வேறு ஆதாரம் என்னிடம் இல்லை.

மீதிப் பாயசம் இன்று துறைக்குப் போயிற்று. காவலாளி ஒரு வாய் குடித்துவிட்டு, சாரதா டீச்சரின் பாயசம் இதைவிட நன்றாக இருந்தது என்றார். அந்த ஒப்பீட்டில் எனக்குச் சந்தேகம் இல்லை. கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கிறோம். முதல் பெயர் உன்னுடையது. இன்னொரு ஆய்வகமும் இதையே பார்க்க வேண்டும் என்று கடைசிப் பத்தியில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். நீ முகத்தைச் சுளிப்பாய். சுளித்துக்கொள்.

நமது பழைய சண்டை மட்டும் தீரவில்லை. மின்துகள்கள் ஜோடி சேர்ந்து ஓடுவதுதான் மீக்கடத்தல். காந்தம்தான் அவற்றை ஜோடி சேர்த்துவைக்கும் தரகர் என்பாய் நீ. காந்தம் எதிரி, அது விலகினால்தான் கல்யாணம் நடக்கிறது என்பேன் நான். வைட்டிலா இரண்டில் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. அழுத்தும்போது பழைய காந்தக் கட்டு குலைந்து, வேறோர் ஒழுங்கு தலைகாட்டுகிறதோ என்று இப்போது சந்தேகப்படுகிறேன். அப்படியென்றால் தரகர் எழுந்து போகவில்லை, சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறாரோ? நீ இருந்தால் இன்று முழுக்க இதற்கே போயிருக்கும். யாரோடு சண்டை போடுவது?

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். அடுத்தது இடப்பள்ளி. அந்தத் தொகுதியை நான் வளர்க்கப்போகிறேன். காந்த அளவீட்டுக்குக் காத்திருந்த வாரங்களிலேயே குழாயைத் தீயில் மூட ஜஸ்னாவிடம் கற்கத் தொடங்கிவிட்டேன். இதுவரை மூடிய எல்லாமே கோணல். என் புடவையிலும் அழுகிய முள்ளங்கி வாடை வந்துவிட்டது; படகில் என் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கிறது. ஊசிகள் வந்ததும் கண்ணாடித் தட்டில் வைத்து ஜஸ்னாவின் மேசைக்குக் கொண்டுபோவேன். பஜ்ஜி நான் வாங்கித் தருவேன். குறை அவள் சொல்லட்டும். களமசேரிவரை ஒரு நிறுத்தத்தையும் விடாமல் போவேன். இது வாக்கு.

அதற்கு முன், உனக்கு இத்தனை காலமாகப் பாக்கி வைத்திருந்த பதில். போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றுதானே எப்போதும் எழுந்து வந்தேன்?

சொல்லி அனுப்புகிறேன், சாரதா. பெண் பிடித்திருக்கிறது.

இப்படிக்கு,
இனிமேல் பெண் வீட்டுக்காரியும் ஆகிவிட்ட
உன் சம்பந்தி,
கற்பகம்
மட்டாஞ்சேரி